அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

கடலுக்கடியில் எது அசைந்தாலும் பெயர் சொல்லிவிடுவாள் என்பதால் அவளுக்கு ‘அகராதி’ என்று பெயர். வைத்தவள் நாத்தனார். புகழ்ந்து வைத்தாளா, பொடி வைத்து வைத்தாளா என்று கேட்டால் இரண்டும்தான். அகராதியும் சும்மா இருக்கவில்லை. தான் எந்த மீனுக்கு எந்தப் பெயர் சொன்னாலும் “அப்படியா?” என்று உதட்டைப் பிதுக்கும் நாத்தனாருக்கு ‘எதிர்க்கட்சி’ என்று பட்டம் கட்டிவிட்டாள். இருவருக்கும் ஒரே படகில் வேலை. வெளியூரிலிருந்து வருகிறவர்களின் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, பவளப்பாறைகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போய், இது கிளிமீன், அது சிங்கமீன், அதைத் தொடாதே என்று கையாலேயே ஜாடை காட்டிப் பத்திரமாக மேலே கொண்டுவந்து விடுவார்கள். படகை ஓட்டுவதும் சிலிண்டரில் காற்று நிரப்புவதும் அகராதியின் கணவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். வெள்ளை மனசு. யார் எதை அடித்துச் சொன்னாலும் நம்பிவிடுவார். காற்று நிரப்பும் மெஷினை ஒருவன் புத்தம் புதுசு என்று அடித்துச் சொன்னான், இவரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வாங்கிவந்தார். திறந்து பார்த்தால் உள்ளே எலி குடும்பம் நடத்திய அடையாளம் இருந்தது. அப்படிப்பட்டவர் உலகத்திலேயே அதிகம் நம்பியது மனைவியின் வார்த்தையைத்தான். படகில் யாராவது ஒரு போட்டோவை நீட்டி இது என்ன மீன் என்று கேட்டால், எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். “அவகிட்ட கேளுங்க. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பார். அகராதிக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் உச்சி குளிர்ந்துபோகும்.

எதிர்க்கட்சிக்கு மட்டும் அது பிடிக்காது. போன சீசனில் அவள் ஒருநாள் தண்ணீரிலிருந்து எழும்பும்போதே கத்திக்கொண்டு வந்தாள். சங்கு ஒன்றுக்குள் சின்ன ஆக்டோபஸைப் பார்த்தாளாம், அதன் உடம்பில் நீல வளையம் வளையமாக மின்னியதாம். அகராதி சிரித்துவிட்டாள். கடித்தால் ஆளையே கொல்லும் நீல வளைய ஆக்டோபஸ் இந்தக் கடலில் கிடையாது, உன் டார்ச் வெளிச்சம் பட்டு ஏதாவது பளபளத்திருக்கும் என்று எல்லாரும் இருக்கும்போதே தீர்ப்புச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். “அதைப் பார்த்திருந்தா நீ இப்போ பேசிட்டு இருக்க மாட்டே” என்று ஒரு போடு வேறு போட்டாள். நாத்தனார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தண்ணீருக்கடியில் மட்டும் கைஜாடையில் பேசிக்கொண்டார்கள், அதுவும் தொழிலுக்காக.

இந்த சீசனில் ஒருநாள் குப்பை பொறுக்கும் முறை. மாதத்துக்கொரு தடவை மீன் பார்ப்பதை விட்டுவிட்டு, வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு கடலடியில் கிடக்கும் பாட்டில், டப்பா, அறுந்த தூண்டில் நரம்பு எல்லாவற்றையும் வலைப்பையில் அள்ளிக்கொண்டு வருவார்கள். வெயில் ஊறிய வெதுவெதுப்பான தண்ணீர். பார்வை தெளிவாக இருந்தது. படகில் நாலைந்து பயணிகள் வந்திருந்தார்கள், அதில் ஒருவர் பல் டாக்டர். எல்லாரும் பை நிறையக் குப்பையோடு மேலே ஏறினார்கள்.

குப்பையை அப்படியே மூட்டை கட்டிவிடக் கூடாது என்பது படகின் சட்டம். கடலில் கிடக்கும் எந்தப் பாட்டிலும் காலி வீடு இல்லை. நண்டு இருக்கும், இறால் இருக்கும், மீன் முட்டை இருக்கும். ஒவ்வொரு பாட்டிலையும் கடல்தண்ணீர் நிரப்பிய வாளியில் கவிழ்த்து, குடியிருப்பவர்களை இறக்கிவிட்டு, யார் யார் என்று பெயர் சொல்லி, வாளியை மறுபடி கடலில் ஊற்றிவிடுவார்கள். அகராதியின் கச்சேரி களைகட்டுவது அப்போதுதான். பயணிகள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரும் குலமும் கோத்திரமும் சொல்லுவாள்.

இதில் ஒரு சின்னக் கோளாறு உண்டு, அது அவளுக்கு மட்டும் தெரியும். அவளுக்கு வெள்ளெழுத்து. தண்ணீருக்குள் பவர் வைத்த முகக்கண்ணாடி போட்டிருப்பாள், அதனால் ஊசி முனையளவு இறாலும் தப்பாது. மேலே வந்து அதைக் கழற்றியதும் அருகில் இருப்பதெல்லாம் கலங்கிவிடும். மூக்குக் கண்ணாடி கேபினுக்குள் பையில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பயணிகள் முன்னால் உட்கார்ந்தால் பாட்டி மாதிரி இருக்குமே என்று எடுக்க மாட்டாள். இத்தனை வருஷமாகக் கையும் மனசும் பழகிய வேலைதானே என்கிற தைரியம்.

கழுத்து உடைந்த ஒரு பாட்டிலைக் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒன்று வழுக்கி விழுந்தது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். எட்டுக் கால்களையும் சுருட்டிக்கொண்டு சாதுவாகக் கிடந்தது.

“ஆக்டோபஸ் குட்டி” என்றாள் அகராதி. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். “பயப்படாதீங்க. சாதாரண வகை. ஒண்ணும் செய்யாது.”

எதிர்க்கட்சி படகின் மறுமுனையில் சிலிண்டர்களைக் கட்டிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். “நல்லாப் பாத்தீங்களா அண்ணி?”

“நான் பாக்காததை நீ பாத்துட்டியா?”

பயணிகள் சிரித்தார்கள். அந்தக் குட்டி அவள் மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்து ஒட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப உள்ளங்கைக்கு வந்தது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. அவள் அதை வாளியில் விட்டுவிட்டு அடுத்த பாட்டிலை எடுத்தாள்.

முதலில் உதடு மரத்தது. காற்றுக்குழாயை அவ்வளவு நேரம் கடித்துக்கொண்டிருந்ததால் என்று நினைத்தாள். பிறகு நாக்கு தடித்தது. ஒரு நண்டுக்குப் பெயர் சொல்ல வாயெடுத்தாள், சொல் வழுக்கி எச்சிலோடு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி இரண்டு பெண்மணிகளாகத் தெரிந்தாள். அப்போதுதான் அவள் மணிக்கட்டைத் தூக்கிக் கண்ணுக்கு எட்ட வைத்துப் பார்த்தாள். சின்னதாக ஒரு ரத்தப் பொட்டு. அவ்வளவுதான்.

உதடு மரத்து, நாக்கு தடித்து, பார்வை இரண்டாகி, அடுத்தது என்ன என்று அவள் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். அடுத்தது மூச்சு. அந்த நீல வளைய ஆக்டோபஸின் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. விஷம் இறங்கும் வரைக்கும் வேறு யாராவது மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைக்கலாம், இல்லையென்றால் இல்லை. அந்தச் சனியன் இந்தக் கடலிலும் இருக்கிறது. அது அந்த வாளியில்தான் இருக்கிறது.

“ஏங்க” என்று கூப்பிட்டாள். “வா... வாளி...” என்றாள். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. கையை வாளிப் பக்கம் நீட்ட நினைத்தாள், கை மடியிலேயே கிடந்தது. உட்கார்ந்த வாக்கில் சரிந்தாள்.

கணவர் படகின் முன்பக்கத்திலிருந்து ஓடிவந்தார். “என்னம்மா, என்ன ஆச்சு?” என்று கன்னத்தில் தட்டினார். அவள் கண் பாதி மூடிய நிலையில் நின்றுவிட்டது. இமையை ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. அந்தக் கீற்று வழியாக அவருடைய சட்டைப் பொத்தான், வானம், வெயில் எல்லாம் தெரிந்தன. காது மட்டும் கூர்மையாகக் கேட்டது. நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

“மேல ஏறுனப்போ ரத்தத்துல காத்துக் குமிழி வந்திருக்கும்” என்றார் கணவர். அவர் தொழிலில் பயப்படுகிற வியாதி அதுதான். “ஆக்சிஜன் குடுங்க!”

ஆக்சிஜன் முகமூடியை அவள் மூக்கில் வைத்து அழுத்தினார்கள். உள்ளே காற்று புஸ் என்று பாய்கிறது. இழுக்கத்தான் ஆளில்லை. வாசலில் சோற்றை வைத்துவிட்டால் ஆயிற்றா, யாராவது ஊட்ட வேண்டாமா என்று அவள் உள்ளுக்குள் கத்தினாள்.

“அந்த ஆக்டோபஸ் ஏதாவது கடிச்சிருக்குமோ?” என்று யாரோ ஒரு பயணி கேட்டார். கேட்ட வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

“சேச்சே” என்றார் கணவர். “அது ஒண்ணும் செய்யாதுன்னு அவளே சொன்னாளே. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இதைக் கேட்டபோது வந்த அதிர்ச்சி விஷம் ஏறியபோதுகூட வரவில்லை. இத்தனை காலம் உச்சி குளிரக் கேட்ட வார்த்தை. இல்லைங்க, தப்புங்க, நான் தப்பாச் சொல்லிட்டேங்க! தொண்டை வரை வந்த அலறல் அங்கேயே செத்தது. தப்பைச் சொன்ன நாக்குக்கு அதைத் திருத்தும் சக்தி போய்விட்டது.

“இடத்தைக் காலி பண்ணுங்க, அவளைப் படுக்க வைக்கணும். அந்த வாளியைக் கடல்ல ஊத்துங்க!” என்றார் கணவர். வாளியின் கைப்பிடி கிறீச்சிடுவது கேட்டது. போயிற்று. அதுவும் கடலுக்குள் போனால் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது.

“வாளியைக் கீழ வைங்க!”

நாத்தனாரின் குரல். சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோத அவள் தாண்டி வருவது கேட்டது.

“அவதான் ஒண்ணும் செய்யாதுன்னு...” என்று ஆரம்பித்தார் அண்ணன்.

“அண்ணி சொன்னா வேதமா? என்னைக்கு நான் அண்ணி சொன்னதை அப்படியே ஒத்துக்கிட்டிருக்கேன்?”

பிறகு படகில் இருந்த எல்லாருமே ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். நாத்தனார் ஒரு குச்சியால் அதைத் தொட்டிருக்க வேண்டும். அது என்ன செய்திருக்கும் என்று அகராதிக்குப் பார்க்காமலே தெரியும். பழுப்பு உடம்பு முழுக்க நீல வளையங்கள் குப்பென்று எரிந்திருக்கும்.

“ஐயோ அண்ணி” என்றாள் நாத்தனார். வாதத்தில் ஜெயித்தவள் குரலாக அது இல்லை.

ஆக்சிஜன் முகமூடி பறந்துபோய் எங்கோ விழுந்தது. தலை பின்னால் சாய்க்கப்பட்டது, மூக்கு பொத்தப்பட்டது, உப்புக் கரிக்கும் ஒரு வாய் அவள் வாயை மூடிக்கொண்டது. நெஞ்சு நிறைந்தது. அப்பா! காற்று இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. “அண்ணே, படகைக் கிளப்பு! கரைக்கு ஆம்புலன்ஸ் வரச் சொல்லு!” என்று ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கத்தினாள். பிறகு குனிந்து ஊதினாள்.

படகு அலையில் எகிறி எகிறிக் குதித்தது. ஒவ்வொரு குதிப்பிலும் நாத்தனாரின் பல் இவள் உதட்டில் மோதியது. ஊதுவாள், நிமிர்வாள், ஏதாவது திட்டுவாள், குனிந்து ஊதுவாள். “கேக்குதா அண்ணி? நீங்க தப்பு. இந்தத் தடவை நீங்க தப்பு.” ஊதினாள். “ஒத்துக்காம எங்கேயும் போக விட மாட்டேன்.” ஊதினாள். பல் டாக்டர் தலைமாட்டில் முட்டிபோட்டு உட்கார்ந்து தாடையைப் பிடித்துக்கொண்டார், அந்த வேலையைப் பிசகில்லாமல் செய்தார்.

கரைக்கு வந்து சேர்ந்தார்கள். படகுத்துறைப் பலகையில் கிடத்தினார்கள். ஆம்புலன்ஸ் வரவில்லை. வழியில் எங்கோ சிக்கிக்கொண்டதாம், இதோ வருகிறதாம். வெயில் அவள் பாதிக் கண்ணில் நேராக விழுந்தது. கண்ணைச் சிமிட்டவும் முடியாமல் கிடந்தாள். நாத்தனாரின் ஊதல் சோர்ந்துகொண்டே வந்தது. விரல்கள் மட்டும் இவள் மூக்கை விடவில்லை.

பல் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். கழுத்தில் விரலை வைத்தார். அந்த விரல் குளிர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு நாடி கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால்தான் ஆச்சரியம். என் இதயம் அடிக்கிறதே ஐயா, எனக்குக் கேட்கிறதே என்று அவள் தவித்தாள்.

“கண்ணுமணி விரிஞ்சிருச்சு. வெளிச்சத்துக்கு அசையவே இல்ல” என்றார். அவருக்கும் அழுகை வந்திருந்தது. ஆனாலும் டாக்டர் குரலில் உறுதியாகச் சொன்னார். “மன்னிச்சுக்குங்க. உயிர் இல்ல.”

கணவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் அழுதது கேட்டது. அவர் எப்படி அழுவார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு அவர் சொன்னார்.

“விடும்மா. போதும்.”

தங்கை குனிந்து ஊதினாள்.

“டாக்டரே சொல்லிட்டார். அவ போயிட்டா. போனவளை ஏன் இன்னும் படுத்தறே? விடு.”

தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார். அகராதியின் மூக்கிலிருந்து அந்த விரல்கள் போயின. வர வேண்டிய மூச்சு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நெஞ்சுக்குள் நெருப்புப் பரவியது. கட்டிய கணவர், உயிரை வைத்திருந்த மனுஷன், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு தன்னை முடித்து வைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இங்கேதாங்க இருக்கேன்! இங்கேயேதான் இருக்கேன்! வெயில் கண்ணுக்குள் கறுக்க ஆரம்பித்தது.

பளாரென்று ஒரு அறை விழுந்த சத்தம் கேட்டது.

“நகருடா!” என்றாள் தங்கை. பிறந்ததிலிருந்து அண்ணனை அவள் ‘டா’ போட்டதில்லை. “அப்போ அண்ணி சொன்னதை நம்பினே, இப்போ இவர் சொன்னதை நம்புறே. உனக்குன்னு கண்ணு இல்லையா? தொட்டுப் பாரு, உடம்பு சூடா இருக்கு!”

விரல்கள் மூக்குக்குத் திரும்பி வந்தன. வாய் வந்தது. காற்று வந்தது. ஆம்புலன்ஸ் வந்து, அதில் இருந்தவர்கள் பையை வைத்து அமுக்கும் வரைக்கும் அது நிற்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் கண்ணை முழுசாகத் திறந்தாள். தொண்டையில் குழாய் இருந்தது, பேச முடியாது. விரல்களுக்கு உயிர் வந்திருந்தது. நர்ஸ் அவள் கையைப் பிடித்து, ஆமாம் என்றால் ஒரு அழுத்து, இல்லை என்றால் இரண்டு என்று பழக்கிவிட்டுப் போனாள். கட்டிலின் ஒரு பக்கம் நாத்தனார் உதடு வீங்கி, வெடித்து, மருந்து தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபக்கம் கணவர். சந்தோஷத்தில் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கையை இரண்டு கைகளிலும் பொதிந்துகொண்டு பேசிக்கொண்டே இருந்தார்.

“ஒரு நிமிஷம்கூட நான் நம்பிக்கையை விடல, தெரியுமா? நீ திரும்பி வருவேன்னு எனக்குத் தெரியும்.”

நாத்தனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் வேண்டுமென்றே புளுகவில்லை. நேற்றிலிருந்து தனக்குத்தானே அதைச் சொல்லிச் சொல்லி, தானே நம்பியும்விட்டார்.

டாக்டரம்மா உள்ளே வந்தாள். சின்ன வயசு, சிரித்த முகம். மெஷினைப் பார்த்துவிட்டு நாத்தனாரின் முதுகில் தட்டிக்கொடுத்தாள். “இவங்க ஊதினதாலதான் இன்னைக்கு உங்க வீட்டுக்காரம்மா உங்களுக்குக் கிடைச்சிருக்காங்க. இந்த விஷம் தசையைத்தான் கட்டிப்போடும், மூளையைத் தொடாது. கண்ணுமணிகூட அசையாம நின்னுடும், பாக்கறவங்க செத்துட்டாங்கன்னே நினைச்சுடுவாங்க. ஆனா நேத்து பூரா அவங்க முழிச்சுட்டுதான் இருந்திருப்பாங்க. நீங்க பக்கத்துல இருந்து பேசின ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கும். அந்தத் தைரியத்துலதான் தாக்குப் பிடிச்சிருக்காங்க” என்று சொல்லி, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கணவரின் முகம் வெளிறிப்போனதை அகராதி பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றது. கை மட்டும் அவள் கையைப் பொத்திக்கொண்டே இருந்தது, அதை எடுக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

“எல்லாம்... கேட்டுச்சா?” என்றார். குரல் வெளியே வரவே இல்லை, உதடுதான் அசைந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. விடு போதும் என்று சொன்ன வாயைப் பார்த்தாள். அதே வாய்தான் ஆயிரம் தடவை அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சொன்னது. அடித்துச் சொன்னவர்களை நம்புவதைத் தவிர இந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? முதலில் அடித்துச் சொன்னது யார்? இரண்டு அழுத்து அழுத்தினால் போதும், அவர் அதையும் நம்பிவிடுவார். சாகும் வரை நிம்மதியாகத் தூங்குவார்.

அவளால் முடியவில்லை. ஒரு தடவை அழுத்தினாள்.

அவருடைய கண்ணீர் தாடையில் இறங்கியது. கையை மெல்ல உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. விரல்களில் இருந்த கொஞ்சநஞ்ச பலத்தையும் கூட்டி அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கைது பண்ணினாளா, மன்னித்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

அவர் நெஞ்சு ஏறியது ஏறியபடியே நின்றது. நாத்தனார்தான் எழுந்து வந்து, வெடித்த உதட்டை அசைக்க முடியாமல் அசைத்துச் சொன்னாள்.

“மூச்சை விடு அண்ணே. உனக்கும் ஊத என்கிட்ட காத்து இல்ல.”